வாசனை வேறு, நல்ல காற்று வேறு

(நம் கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு, தவணை பற்றியெல்லாம் நாம் மாதா மாதம் பேசுகிறோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். நாம் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது மூன்று வேளை. தண்ணீர் குடிப்பது ஏழெட்டு முறை. ஆனால் மூச்சு விடுவது ஒரு நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை, இரவு பகல் எந்நேரமும். சாப்பாட்டில் ஒரு முடி இருந்தால்கூட எடுத்துப் போடுகிறோம். உள்ளே போகிற காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நம்ம ஊர்ப் பிரச்சினை என்ன?

வேலூர், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி வாழ்கிறவர்கள் நாம். தோல் தொழில் நமக்குச் சோறு போடுகிறது. அதே தோல் தொழில் நமக்கு ஒரு நாற்றத்தையும் கொடுத்திருக்கிறது. வெளியூர்ச் சொந்தக்காரங்க ரயிலில் வரும்போதே "ஆம்பூர் வந்துடுச்சு போல" என்று மூக்கைப் பொத்துகிறார்கள். நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த நாற்றத்துக்கு வீட்டில் நாம் என்ன மருந்து வைத்திருக்கிறோம்? சாயங்காலம் ஆனதும் ஊதுவத்தி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி. முஸ்லிம் சகோதரிகள் வீட்டில் வியாழன் மாலையும் வெள்ளியும் லோபான், ஊத். கொசுவுக்குச் சுருள். பீரோவில் பாச்சை உருண்டை. கழிவறையில் தொங்கவிடுகிற வாசனைக் கட்டி. இப்போது புதிதாக ரூம் ஸ்பிரே, கப் சாம்பிராணி, 'கம்ப்யூட்டர் சாம்பிராணி'. பண்டிகை நாளில் இவை எல்லாமே ஒரே வீட்டில், ஒரே அறையில்.

நாங்கள் வீடு வீடாகப் போகும்போது பார்ப்பது இதுதான். பத்துக்குப் பத்து அறை. ஒரு ஜன்னல், அதுவும் நாற்றம் வரும் என்று மூடியிருக்கும். உள்ளே ஊதுவத்திப் புகை. அதே அறையில் ஒரு அக்கா ஷூ அப்பர் தைத்துக்கொண்டு இருக்கிறார். மூலையில் கைக்குழந்தை தூங்குகிறது. வெளியே இருக்கிற நாற்றத்தை மறைக்கப் போய் உள்ளே இருக்கிற காற்றைக் கெடுத்துக்கொள்கிறோம்.

வாசனை நாற்றத்தை நீக்குவதில்லை

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊதுவத்தி ஏற்றினால் கெட்ட காற்று வெளியே போய்விடாது. அது அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு பொருளை நாம் சேர்க்கிறோம். அழுக்குப் புடவையைத் துவைக்காமல் அத்தர் தடவிக் கட்டிக்கொண்டால் புடவை சுத்தமாகிவிடுமா? அதே கதைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்ட நாற்றம் நமக்குப் பகை இல்லை. அது காவல்காரன். மூன்று உதாரணம் சொல்கிறோம்.

ஒன்று, சமையல் கேஸ். உண்மையில் அந்த வாயுவுக்கு நாம் அறிகிற அந்த நாற்றமே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். ரூம் ஸ்பிரேயும் ஊதுவத்தியும் மணக்கிற வீட்டில் லேசான கசிவு தெரியாமல் போகலாம். கேஸ் நாற்றம் வந்தால் "என்னமோ நாறுதே" என்று ஊதுவத்தி பற்ற வைப்பது உயிருக்கே ஆபத்து. ஸ்விட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவையும் திறங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது. வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இரண்டு, தொழிற்சாலைக் கழிவு. தோலில் இருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். அந்தக் கழிவு நீரோடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இது மிகவும் மோசமான வாயு. அளவு கூடினால் மூக்கின் உணர்ச்சியையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்போம், ஆனால் ஆபத்து அப்போதுதான் அதிகம். கழிவுத் தொட்டியில் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்தி நம்ம பகுதிக்குப் புதிது இல்லை. காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து போனதுதான் அதில் பெரிய கொடுமை.

மூன்று, வீட்டுக்குள்ளேயே வரும் நாற்றம். சுவரில் ஈரம், பூஞ்சணம், அடைத்த சாக்கடை, செத்த எலி. இவற்றுக்கெல்லாம் வைத்தியம் காரணத்தைக் கண்டு சரிசெய்வது. வாசனை போட்டு மறைத்தால் காரணம் அப்படியே வளரும்.

புகைக்குள் என்ன இருக்கிறது?

ஊதுவத்தி என்பது மூங்கில் குச்சி. அதன்மேல் கரித்தூள், மரத்தூள், ஜிகட் என்ற ஒட்டும் பட்டைத்தூள். அதை வாசனை எண்ணெயில் முக்குகிறார்கள். கொளுத்தினால் எரிவது மரமும் கரியும்தான். விறகு எரிந்தால் என்ன புகை வருமோ அதே குடும்பத்துப் புகை, மணத்தோடு வருகிறது. நுண்தூசி, கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் அதில் உண்டு.

இதில் நுண்தூசியைத் தெரிந்துகொள்ளுங்கள். 'பி.எம். 2.5' என்று டிவியில் சொல்கிறார்களே, அதுதான். நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியில் சிக்காது, சளியோடும் முழுசாக வெளியே வராது. நேராக நுரையீரலின் அடிக்குப் போகும். அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். இளைப்பு, வீசிங் மட்டும் இல்லை, மாரடைப்பு, பக்கவாதத்துக்கும் இது ஒரு காரணம் என்று இன்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு நாளின் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியாவின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை 15 என்று குறைத்துச் சொன்னது.

நம் தமிழ்நாட்டு வீடுகளிலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 4 மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் சமையல் புகையை அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். நுரையீரலுக்குள் போகக்கூடிய தூசியை அளந்தார்கள். விறகு போன்றவற்றில் சமைக்கிற பெண்கள் நாள் சராசரியாகச் சுவாசித்தது சுமார் 231 மைக்ரோகிராம். கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள் வீட்டில் சுமார் 82. அதாவது வீட்டில் எதை எரிக்கிறோம் என்பது நம் மூச்சை இரண்டு, மூன்று மடங்கு மாற்றுகிறது. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கஷ்டப்பட்டுக் கேஸ் இணைப்பு வாங்கி விறகுப் புகையை வெளியேற்றினோம். அந்த இடத்தில் வாசனைப் புகையைக் குடியேற்றலாமா?

கொசுவத்தி விஷயம் இன்னும் கடுமை. 2003-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் சீனா, மலேசியாவில் விற்ற கொசுவத்திச் சுருள்களை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம். ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் வரைக்கும் சமமாக இருக்கலாம். வீட்டுக்காரர் ஒரு பீடி பற்ற வைத்தால் "வெளியே போய்க் குடிங்க" என்று சத்தம் போடுகிறோம், சரிதான். ஆனால் கதவைச் சாத்தி, குழந்தை தலைமாட்டில் சுருளை வைத்துவிட்டுத் தூங்குகிறோம்.

ஊதுவத்திக்கும் பெரிய ஆய்வு இருக்கிறது. சிங்கப்பூரில் 61,320 சீன வம்சாவளியினரை 1993 முதல் 1998 வரை சேர்த்து, பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. நீண்ட காலம், அதிகமாக ஊதுவத்தி ஏற்றிய வீடுகளில் மேல் சுவாசப் பாதைப் புற்றுநோயும் நுரையீரலில் வரும் ஒரு வகைப் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. ஒரு குச்சி கொளுத்தினால் நோய் வந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். தினமும், மூடிய அறையில், வருடக்கணக்கில் என்பதுதான் விஷயம்.

யாருக்கு அதிக பாதிப்பு?

வீட்டுக்குள் அதிக நேரம் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு. பெண்கள், கைக்குழந்தைகள், வயதானவர்கள்.

நம் பகுதியில் இன்னொரு கூட்டமும் உண்டு. வீட்டையே தொழிற்சாலையாக வைத்திருக்கிற நம் உறுப்பினர்கள். ஆம்பூர்ப் பக்கம் ஜோடிக் கணக்கில் ஷூ அப்பர் தைக்கிறவர்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள். புகையிலைத் தூள் ஏற்கெனவே அறை முழுக்க இருக்கிறது. பசை டப்பா திறந்திருந்தால் அதன் ஆவியும் சேர்கிறது. அதோடு ஊதுவத்தியும் சுருளும். கம்பெனிக்குப் போகிறவர்களுக்காவது வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் காற்று மாறும். வீட்டிலேயே வேலை செய்கிற நமக்கு அந்த மாற்றமும் இல்லை.

ஆகவே, பசை டப்பாவை வேலை முடிந்த நிமிடமே இறுக்கி மூடுங்கள். தூங்குகிற அறையில் வைக்காதீர்கள். துண்டுத் தோல், பழைய ஷூ அட்டை, ரப்பர் சோல் இவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது. தோல் பதனிடப் போட்ட குரோமியம் எரியும்போது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேறு வகையாக மாறக்கூடும்.

குழந்தை இருக்கிற வீடு

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் வழக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவோம். பிள்ளை பெற்றவளுக்கும் காட்டுவோம். பாட்டிகள் அன்பாகச் செய்வதுதான். ஆனால் பச்சைக் குழந்தையின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அது நம்மைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகமாக மூச்சு விடும். அதனால் அதன் எடைக்கு நம்மைவிட அதிகப் புகை உள்ளே போகும்.

தலை காய வேண்டும், அவ்வளவுதானே? மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, இளவெயிலில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டால் போதும். வாசனைதான் வேண்டும் என்றால் குழந்தை இல்லாத நேரத்தில், திறந்த இடத்தில், துணிக்கு மட்டும் லேசாகக் காட்டுங்கள். குழந்தையைப் புகைமேல் பிடிக்க வேண்டாம்.

பாச்சை உருண்டை பற்றியும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் நாப்தலின். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அது வெளியே தெரியாது. அந்தக் குழந்தைகளுக்கு நாப்தலின் பட்ட துணியைப் போர்த்தினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். குழந்தைத் துணி இருக்கிற பெட்டியில் உருண்டை போடாதீர்கள். பரணில் இருந்து எடுத்த பழைய தொட்டில் துணியைத் துவைத்து, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். கற்பூரமும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரும்.

தணல் உள்ள அறையில் தூங்காதீர்கள்

தூபக்காலில் தணல் போட்டோ, கரித்துண்டு பற்ற வைத்தோ சாம்பிராணி போடுகிறோம். மழை, குளிர் காலத்தில் தணல் சட்டியை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிற பழக்கமும் உண்டு. எரியும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, நாற்றமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரி அடுப்பு எரிந்த அறையில் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்து போனார்கள். தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்து, வாசலுக்கு வெளியே வைத்த பிறகுதான் படுக்க வேண்டும்.

சாமிக்கு ஏற்றக்கூடாதா?

இந்த இடத்தில் சில பேர் முகம் சுளிப்பது எங்களுக்குத் தெரிகிறது. "ஏம்மா, சாமி கும்பிடறதையே நிறுத்தச் சொல்றியா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பூஜையும் துஆவும் ஜெபமும் நம் மனசுக்குத் தெம்பு. அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. நாங்கள் சொல்வது அளவையும் இடத்தையும் மட்டும்தான்.

ஒரு கட்டு ஏற்றும் இடத்தில் ஒரு குச்சி. மூடிய அறையில் இல்லாமல் ஜன்னல் ஓரத்திலோ, வாசல் மாடத்திலோ. பிரார்த்தனை முடிந்ததும் மீதியை அணைத்துவிடலாம். நல்ல வாசனைக்குப் புகையே வேண்டும் என்பதும் இல்லை. ஆம்பூர் மல்லிக்குப் பேர் போன ஊர். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கிறது. வாசனைக்கு நாம் ஏழை இல்லை. ஒரு முழம் மல்லி, ஒரு கிண்ணம் தண்ணீரில் நாலு பன்னீர் ரோஜா, ஒரு கைப்பிடி வெட்டிவேர் போதும். எரிக்காத வாசனையில் புகை கிடையாது. விளக்கு ஏற்றும்போது திரியைச் சிறிதாக வையுங்கள், கரிப்புகை குறையும்.

"வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை இயற்கைதானே, அது பரவாயில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேப்பிலை நல்லதுதான். ஆனால் எரிந்த வேப்பிலை புகைதான். இயற்கை என்பதால் நுண்தூசி இல்லாமல் போகாது.

கொசுவுக்கு என்ன செய்வது?

சுருள் கெட்டது என்று விட்டுவிட்டு டெங்குவை வரவழைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கொசுவும் ஆபத்துதான். வேறு வழி இருக்கிறது.

* கொசுவலை. புகையும் இல்லை, தினச் செலவும் இல்லை. குழந்தைக்குக் குடை வலை.
* ஜன்னலுக்கு வலை அடித்தால் காற்று வரும், கொசு வராது.
* டெங்குக் கொசு பகலில் கடிப்பது. இரவு சுருள் வைத்தால் அது தடுக்காது. முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் குடம், டிரம், தொட்டி, பிரிட்ஜ் அடித்தட்டு எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவினால் அது பிறக்காது.
* ஸ்விட்சில் செருகும் லிக்விடில் புகை குறைவு. ஆனாலும் அது பூச்சிமருந்துதான். ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.
* 'கொசு விரட்டும் ஊதுவத்தி' என்று சந்தையில் மலிவாக வருகிறது. பூச்சிமருந்துச் சட்டம் 1968-ன்படி கொசு மருந்து எதுவானாலும் மத்திய அரசின் பதிவு எண் இருக்க வேண்டும். அட்டையில் அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

நம் குழுத் தொழில் என்ன ஆகும்?

இது நமக்குள் பேச வேண்டிய முக்கியமான விஷயம். ஊதுவத்தி, கப் சாம்பிராணி, பினாயில் தயாரித்து விற்கிற குழுக்கள் நம்மிடம் உண்டு. அந்த வருமானத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தத் தொழிலை மூடு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் செய்கிறவரின் மூச்சும் வாங்குகிறவரின் மூச்சும் நம் பொறுப்பு.

1. கரித்தூள், ஜிகட் கலக்கும்போது மூக்கும் வாயும் மூடும் நல்ல முகக்கவசம் கட்டாயம். புடவை முந்தானை போதாது.
2. வாசனை எண்ணெயில் முக்கும் வேலையைச் சமையல் அறையில் செய்யக் கூடாது. திறந்த கொட்டகையில், கையுறை போட்டு, நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.
3. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக் கூடாது.
4. வாசனை எண்ணெய் விற்கும் கடையில் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு பில்லோடு வாங்குங்கள்.
5. அட்டையில் 'ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றவும், குழந்தைகள் அருகில் வேண்டாம்' என்று அச்சிடுங்கள். வாங்குபவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை கூடும்.

2025 டிசம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனம் ஊதுவத்திக்கென்றே ஐ.எஸ். 19412 என்ற தர விதியை வெளியிட்டது. அலெத்ரின், பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபிப்ரோனில் போன்ற பூச்சிமருந்துகளும் சில செயற்கை வாசனைப் பொருட்களும் கலக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. பெரிய கடைகள் நாளைக்கு இந்தத் தரத்தைக் கேட்கும். நாம் முன்கூட்டியே தயாரானால் நம் சரக்கு நிற்கும்.

பினாயில், கிளீனிங் பொருள் விற்பவர்கள் வாடிக்கையாளருக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: ஜன்னலைத் திறங்கன்னு சொல்றீங்க. திறந்தா டேனரி நாத்தம் வருதே, என்ன பண்றது?

பதில்: நியாயமான கேள்வி. காற்று அசையாத நேரத்தில், அதாவது இரவிலும் விடியற்காலையிலும், நாற்றம் தரையோடு தங்கும். வெயில் ஏறிக் காற்று வீசும் நேரத்தில் எதிரெதிர் கதவு, ஜன்னலை ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். சமைக்கும்போது அடுப்பு மேல் இருக்கிற புகைபோக்கியோ, எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடட்டும். நாற்றம் அதிகமான நேரத்தில் ஜன்னலை மூடினால், அந்த நேரத்தில் உள்ளே எதையும் கொளுத்தாதீர்கள். மூடுவதும் கொளுத்துவதும் சேரக் கூடாது.

கேள்வி: ரூம் ஸ்பிரேயில புகை இல்லையே, அது நல்லதா?

பதில்: புகை இல்லை, ஆனால் ரசாயன ஆவி உண்டு. இளைப்பு உள்ளவர்களுக்கு உடனே இருமல் வரும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைப் பொருள்கள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். பல டப்பாக்களில் தள்ளுவதற்காக நிரப்பியிருப்பது சமையல் கேஸ் வகை வாயு. அடுப்பு எரியும்போது, விளக்குப் பக்கத்தில் அடிக்கவே கூடாது.

கேள்வி: வெளி நாத்தத்தை யார் கேக்கறது? நாமதான் அனுபவிக்கணுமா?

பதில்: கேட்டவர்கள் இருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இன்று நாடு முழுக்க அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். அது நம் பாலாற்றங்கரை மக்கள் கேட்டு வாங்கியது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் நம் பகுதித் தோல் கழிவு பற்றித் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் கண்காணிப்புக் குழுவும் வேண்டும் என்று உத்தரவிட்டது.

நாமும் கேட்கலாம். 'நாறுது' என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். குழு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையில் இருந்து காற்று, எத்தனை பேருக்குக் கண் எரிச்சல், மூச்சு இரைப்பு என்று ஒரு மாதம் எழுதுங்கள். சேமிப்புக் கணக்கு எழுதுகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. அந்தப் பக்கத்தை மனுவோடு இணைத்து மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, ரசீது வாங்குங்கள். மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் ஆட்சியரிடம் போக வேண்டும், வேலூருக்கு அலைய வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை

* வீட்டில் எரிக்கிற, தெளிக்கிற வாசனைப் பொருள்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் எவ்வளவு செலவு என்று பக்கத்தில் போடுங்கள். பாதியைக் குறைத்தால் வருடத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு நல்ல கொசுவலை வாங்க முடிகிறதா என்று கணக்குப் பாருங்கள்.
* குழந்தை, கர்ப்பிணி, இளைப்பு நோயாளி, இதய நோயாளி தூங்கும் அறையில் எதையும் கொளுத்துவதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.
* தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, படி ஏறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் என்னென்ன எரிக்கிறோம், என்ன வேலை செய்கிறோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.
* ஒவ்வொரு குழுவும் நாற்றக் குறிப்பேட்டை அடுத்த மாதம் கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் குறிப்பையும் ஒன்றாகச் சேர்த்து மனு தயார் செய்ய நாங்கள் உதவி செய்கிறோம்.

சகோதரிகளே, பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம் என்றும் பொருள். பிற்காலத்தில் அந்தச் சொல் கெட்ட வாடைக்குப் போய்விட்டது. நம் ஊர்க் காற்றும் ஒரு காலத்தில் நல்ல காற்றாக இருந்ததுதான். வெளிக் காற்றை மீட்க நாள் ஆகும், ஊரே சேர வேண்டும். வீட்டுக் காற்று இன்று சாயங்காலமே நம் கையில் இருக்கிறது. ஒரு குச்சி குறைத்து, ஒரு ஜன்னல் திறந்தால் போதும், ஆரம்பித்துவிடலாம்.